காலை எட்டு மணி ரத்தம்

ரத்தத்திலும் ஆண், பெண் உண்டு என்பது ஓடைப்பட்டி முத்துராமலிங்கத்துக்கு நாற்பத்தெட்டாவது வயதில்தான் தெரிய வந்தது. முன்பே தெரிந்திருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார். வேறு ஏதாவது செய்திருப்பார், அது இதைவிட மோசமாக இருந்திருக்கும். பயந்த மனுசனுக்குப் புத்தி அந்தப் பக்கமாகத்தான் ஓடும்.

தெரியப்படுத்தியவள் நதியா. உத்தமபாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பரம்பரையாக வரும் நரம்பு நோய்களை ஆராய்கிற ஒரு குழு பெங்களூரில் இருந்தது. அவர்களுக்காகக் கம்பம் பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து அனுப்பும் பொறுப்பும் அவளுடையதுதான். ஐப்பசியில் ஒரு நாள் காலை, திராட்சைப் பந்தலுக்கடியில் ஆட்கள் கொத்து வெட்டிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு வந்தாள். போன தை மாதம் அவரிடமும் மனைவி உமாதேவியிடமும் ரத்தம் எடுத்துப் போனவள். அன்றைக்கு வாய் ஓயாமல் பேசினாள். இன்றைக்குக் குடிக்கத் தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"அண்ணே, உங்க பேர்ல போன ரத்தம் பொம்பளை ரத்தமாம். அக்கா பேர்ல போனது ஆம்பளை ரத்தமாம். பெங்களூர்ல இருந்து கேக்குறாக."

முத்துராமலிங்கம் சிரித்தார். சிரிப்பு தானாக வந்ததல்ல, வரவழைத்தது. "ரத்தத்துல ஏதுத்தா ஆம்பளை பொம்பளை?" என்றார்.

உண்டு என்றாள் நதியா. தை மாதம் சொன்ன அதே கணக்கைத்தான் மறுபடி சொன்னாள். எல்லார் தோட்டத்திலும் மோட்டார் இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்பது வேறு, இப்போது எது ஓடுகிறது, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்பது வேறு. உடம்புக்குள்ளே ஜீன்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் இந்த நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான் அந்தக் குழு ரத்தத்தில் அளக்கிறது. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே எந்த மோட்டாரின் ஓட்டம் மாறுகிறது என்று கண்டுபிடித்தால், நாளைக்கு ஒரு மருந்து வரும்போது அது வேலை செய்கிறதா என்று பார்க்க உதவும். இதெல்லாம் பழைய பாடம். புதிதாக அவள் சொன்னது ஒன்றுதான்: பெண்களின் ரத்தத்தில் மட்டும் நன்றாக ஓடுகிற மோட்டார் ஒன்று உண்டு, ஆண்களின் ரத்தத்தில் அது ஓடுவதில்லை. குழாய் மாறிப் போயிருக்கிறதா என்று பார்க்க முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம்.

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

நதியா குழாய்களில் நம்பரை மாற்றி ஒட்டிவிட்டாள் என்று குழு நினைக்கிறது. அந்த நாளில் எடுத்த மூன்று குழாய்களையும் தூக்கிப் போடப் போகிறார்கள். அவள் இதுவரை அனுப்பிய நூற்றுச்சொச்சம் குழாய்களையும் இனி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும். விசாரணை முடியும்வரை அவள் ரத்தம் எடுக்கக் கூடாது. இதையெல்லாம் பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டாள்:

"அன்னைக்கு நான் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு சுகர் பாக்கப் போயிருந்தேன்ல. அந்நேரம் யாராச்சும் குழாய் ஸ்டாண்டைத் தொட்டாகளா?"

"யாரும் தொடல. நீதான் அவசரத்துல மாத்தி ஒட்டியிருப்ப" என்றார் முத்துராமலிங்கம்.

சொல்லிவிட்டார். தன் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நாக்குக் குழறாமல் சொல்லிவிட்டார்.  நதியா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவர் அதற்குப் பிறகு வெட்டிய கொத்துகளில் பாதி காய்.

மூன்றாவது குழாய் யாருடையது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சுருளிப்பட்டியில் இருந்த அவருடைய அண்ணன் கருத்தக்கண்ணனுடையது அது. அண்ணன் ஆடி மாதம் செத்துப் போனார். கஞ்சி தொண்டையில் இறங்காமல் நெஞ்சுக்குள் போய், சளி கட்டி, மூன்றே நாள். குடித்தே செத்தான் என்றது ஊர்.

ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே தம்பிதான்.

கருத்தக்கண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நடை தள்ளாட ஆரம்பித்தது. வாய்க்கால் கரையில் நடந்தால் கால் ஒரு பக்கம் இழுக்கும். பேச்சு இழுபட்டது. டீக்கடையில் கிளாஸை எடுத்தால் பாதி டீ வேட்டியில். இவர்களுடைய அப்பாவுக்கும் அதே வயதில் அதே நடை, அதே பேச்சு. அப்பாவையும் ஊர் குடிகாரன் என்றுதான் சொன்னது. அவரும் ஒரு சொட்டு தொட்டவரில்லை.

குடி என்றால் அது ஒரு ஆளோடு போகும். நோய் என்றால் அது வீட்டுக்கு வீடு வரும், பிள்ளைகளுக்கு வரும், பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்குப் போகும். முத்துராமலிங்கத்துக்கு ஒரே பெண், மகிமா. அண்ணன் தள்ளாடத் தொடங்கிய வருசம் அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவர் முடிவு பண்ணிவிட்டார். யார் கேட்டாலும், "அண்ணனா, என்ன சொல்ல, காலையிலேயே ஆரம்பிச்சிர்றாரு" என்று பெருமூச்சு விடுவார். பெருமூச்சு நன்றாகவே வந்தது. பல வருசம் சொல்லிச் சொல்லி அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இரண்டு வருசத்துக்கு முன்பு மதினி ஜக்கம்மா அண்ணனை மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனாள். வந்ததும் போன் பண்ணினாள். "தம்பி, குடியெல்லாம் இல்லையாம். சிறுமூளை தேயுதாம். பரம்பரையா வாரதாம். ஒங்களையும் ஒரு தடவை பாக்கச் சொன்னாக" என்றாள். அந்த டாக்டர் வழியாகத்தான் பெங்களூர்க் குழு வந்தது, நதியா வந்தாள். நோய் உள்ளவர் ஒருவர், நோய் வந்திருக்கக் கூடிய உடன்பிறப்பு ஒருவர், ஒப்பிட்டுப் பார்க்க நோய்க்குச் சம்பந்தமில்லாத, அதே ஊர்த் தண்ணீர் குடிக்கிற ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். மூன்றாவது ஆளாக, வீட்டுக்கு மருமகளாக வந்த உமாதேவி தோதாக இருப்பாள். வெறும் வயிறு, ஒன்பது மணிக்குள் எடுத்துவிட வேண்டும். நேரம் மாறினால் உள்ளே ஓடுவதும் மாறும்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். மகிமாதான் படித்த பெண்ணாகக் குறுக்கே வந்து, நல்ல காரியம்ப்பா, கொடுங்க என்றாள். மகளுக்கு முன்னால் மறுக்க ஒரு காரணம் வேண்டும். இருந்த காரணம் சொல்லக்கூடியதாக இல்லை.

தை மாதம் அந்தக் காலையில் நதியா சுருளிப்பட்டியில் ஆறு மணிக்கு அண்ணனிடம் எடுத்துவிட்டு, எட்டு மணிக்கு ஓடைப்பட்டிக்கு வந்தாள். ஒப்புதல் தாளை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். இது ஆராய்ச்சி மட்டும்தான், யாருக்கும் தனித்தனியாக முடிவு சொல்ல மாட்டார்கள், பேர்கூட வெளியே போகாது, நம்பர் மட்டும்தான் போகும் என்று அதில் இருந்தது. வீட்டுக் கூடத்தில் தரைக்கல் கோட்டின் மேல் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டிப் பத்து அடி நடக்கச் சொன்னாள். நடந்தார். கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடந்துவிட்டார். நேராக நடக்க இவ்வளவு கவனம் வேண்டியிருந்தது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதற்கு முந்தின மாதம் வரப்பில் இரண்டு தடவை விழுந்திருந்தார். இரண்டு தடவையும் செருப்பைத் திட்டினார்.

ரத்தம் எடுத்ததும் குழாயை எட்டுத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினாள். குழாய் இரண்டு மணி நேரம் வெளியே நிற்க வேண்டும், அப்புறம்தான் ஐஸ் பெட்டி. ஸ்டாண்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்குப் போனாள். உமாதேவி அடுப்படியில் இருந்தாள். மூன்று குழாய்கள். அண்ணனுடையது, அவருடையது, மனைவியுடையது. மூன்றும் ஒரே சிவப்பு.

நம்பர் மட்டும்தான் போகும் என்பதை அவர் நம்பவில்லை. ரகசியத்தைக் கட்டிக் காத்த ஆபீஸ் எதையும் அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. என்றைக்காவது ஒரு நாள் தபாலில் ஒரு தாள் வரும், அதைத் தபால்காரர் படிப்பார், சாயங்காலத்துக்குள் போடி வரைக்கும் போகும். திராட்சைப் பெட்டிக்குக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டிப் பழகிய விரல் அது. புதுப் பசையை நகத்தால் ஓரத்தில் தூக்கினால் கிழியாமல் வரும் என்று அதற்குத் தெரியும். தன் நம்பரை எடுத்து மனைவியின் குழாயில் ஒட்டினார், மனைவியின் நம்பரை எடுத்துத் தன் குழாயில் ஒட்டினார். அரை நிமிசம். நோயில்லாதவர்கள் வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

போகிற போக்கில் இன்னொன்றும் செய்தார். குடும்ப விவரத் தாளில் அண்ணனுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. உண்டு, பல வருசமாக என்றார். நதியா எழுதிக்கொண்டாள்.

நதியா தோட்டத்துக்கு வந்து போன மறுவாரம் போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சண்முகராஜ் ஏலக்காய் வியாபாரி. நல்ல மனுசர், அதுதான் சங்கடம். காப்பியைக் குடித்துக்கொண்டே பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒங்க அண்ணன் குடியில போயிட்டாகன்னு கேள்விப்பட்டேன். அதுக்கெல்லாம் நீங்க கூச்சப்பட வேண்டாம். எங்க வீட்லயும் ஒரு சித்தப்பா அப்படித்தான் போனாரு. குடி என்ன பரம்பரை நோயா?"

"ஆமா. கேட்டாத்தான" என்றார் முத்துராமலிங்கம். பெருமூச்சும் வந்தது.

இத்தனை வருசம் அதை வெளியாட்களிடம் சொன்னபோதெல்லாம் அண்ணன் உயிரோடு இருந்தார். இன்றைக்கு அவர் இல்லை. காப்பித் தட்டோடு நின்ற மகிமா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். உமாதேவி பார்க்கவே இல்லை.

அவர்கள் கார் ஏறிப் போனதும் மகிமா கேட்டாள்: "பெரியப்பா குடிச்சு நான் ஒரு நாளும் பாத்ததில்லையேப்பா. நீங்க பாத்திருக்கீகளா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். உமாதேவி பின்னாலேயே வந்தாள். கிணற்று மேட்டில் நின்றுதான் சொன்னாள். ரத்தம் எடுத்த அன்றைக்கே அவளுக்குத் தெரியுமாம். நதியா குழாய்களை ஐஸ் பெட்டியில் வைக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஒரு ஸ்டிக்கரின் ஓரம் மடிந்திருந்தது, திராட்சைப் பெட்டியில் அவர் ஒட்டுகிற மாதிரியே.

"நானும் வாயத் தொறக்கல. மகிமாவுக்காகன்னு நெனச்சேன். அந்தப் பிள்ள நதியாவும் ஒரு வீட்டுப் பிள்ளதான. என் ரத்தத்த எனக்குத் தெரியாம எடுத்து ஒங்க பேர்ல போட்டுக்கிட்டீக, அதக்கூட விடுங்க. செத்தவரு என்ன பாவம் பண்ணாரு?"

அன்று முழுக்க அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒன்றும் சாப்பிடாமல் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினார். எட்டு மணிக்கு அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நதியா உள்ளறையில் பில் எழுதிக்கொண்டிருந்தாள். ஊசியைத் தொட விடாமல் இப்போது அங்கே உட்கார வைத்திருந்தார்கள். அவர் நின்றபடியே சொன்னார். நான்தான் மாத்தி ஒட்டினேன். சுருக்கமாகச் சொல்ல முடிந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

நதியா பேனாவை மூடி வைத்தாள்.

"ஒம்பது நாளா வீட்ல யாருகிட்டயும் சொல்லலண்ணே. நானே தப்புப் பண்ணிட்டேனோன்னு ராத்திரியெல்லாம் அந்த ஸ்டிக்கரையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒங்ககிட்டதான் மொதல்ல வந்தேன். நீங்க என்ன சொன்னீகன்னு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றார். மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல்லுக்கு அவளிடம் என்ன மதிப்பு இருக்கும் என்று தோன்றி விட்டுவிட்டார். அவள் ஒரு தாளை நகர்த்தினாள். நடந்ததை அவர் கையாலேயே எழுதச் சொன்னாள். எழுத்து கோணிக் கோணி வந்தது. பெங்களூருக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மாவிடம் விவரத்தைச் சொல்லிவிட்டு, போனை அவரிடம் கொடுத்தாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். இரண்டு குழாய்தான் மாறியது என்று தெளிவாகிவிட்டதால் மூன்றாவது யாருடையது என்பதில் இனிச் சந்தேகமில்லை, அதைத் தூக்கிப் போட வேண்டாம், நதியாவும் திரும்ப வேலையைத் தொடங்கலாம் என்றார். முத்துராமலிங்கத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒன்று, என்று தொடர்ந்தார். அந்த மூன்றாவது குழாயை எப்படியும் கணக்கில் சேர்க்க முடியாது. உங்கள் அண்ணன் கடுமையான குடிகாரர் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். போதை மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்த சான்றும் அவருடைய பழைய மருத்துவத் தாள்களோடு வந்திருக்கிறது. குடி, ரத்தத்தில் ஓடுகிற பலவற்றையும் மாற்றிவிடும். எது நோயால், எது குடியால் என்று பிரிக்க முடியாது. அதனால் அதை ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.

ஆறு மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு, நடுங்குகிற கையை மனைவி பிடித்துக்கொள்ள அண்ணன் கொடுத்த ரத்தம். அவர் நோயாளிதான், குடிகாரர் இல்லை என்று சொல்ல அவர் உடம்பில் மிச்சமிருந்தது அந்த ஒரு குழாய். அதிலும் தம்பியின் வாய்தான் முன்னால் போய் நின்றிருக்கிறது.

மறுவாழ்வு மையம். அதை முத்துராமலிங்கம் யாரிடமும் பேசியதில்லை. நாலு வருசத்துக்கு முன்பு, சொந்தக்காரர் கல்யாண வீட்டில் பந்தி நடுவே அண்ணன் சாம்பார் வாளி மேல் விழுந்தார். நோயா என்று ஒரு கிழவர் சந்தேகமாகக் கேட்டார். அந்தச் சந்தேகத்தை அங்கேயே புதைக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரமே அவர் ஏற்பாட்டில் தேனிப் பக்கம் ஒரு மையத்திலிருந்து வேன் வந்தது. இரண்டு பேர் அண்ணனைக் கைத்தாங்கலாகப் பிடித்தார்கள். ஊர் வேடிக்கை பார்த்தது. வேன் படியில் நின்று அண்ணன் வாயைத் திறந்து காட்டினார். "மோந்து பாருடா தம்பி. ஒரு தடவ மோந்து பாரு" என்றார். இழுபட்ட பேச்சில் அதுவும் குடிகாரன் பேச்சு மாதிரிதான் இருந்தது. முத்துராமலிங்கம் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். முகர்ந்தால் என்ன வாசனை வரும் என்று அவருக்குத் தெரியும். வெற்றிலை வாசனை. அதைத் தவிர ஒன்றும் வராது.

அங்கே முப்பது நாள். திரும்பி வந்த பிறகு அண்ணன் தம்பியைப் பற்றி ஒரு சொல் யாரிடமும் தப்பாகச் சொல்லவில்லை. தை மாதம் ரத்தம் கொடுத்ததுகூட, தம்பிக்கு உபயோகப்படும் என்று சொன்னதால்தான் என்று மதினி சொல்லியிருக்கிறாள்.

"டாக்டரம்மா" என்றார் போனில்.  "எங்க அண்ணன் ஆயுசுல ஒரு சொட்டு குடிச்சதில்ல. குடிக்காத மனுசன நான்தான் கொண்டுபோய் அடைச்சேன். அந்தச் சான்று பொய். நான் சொன்னது பொய்."

 இதையும் எழுதிக் கொடுக்க முடியுமா, மதினியின் கையெழுத்தோடு, என்று கேட்டார் டாக்டரம்மா. பழைய டாக்டர் சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சேர்க்க முடியுமா என்று குழு முடிவு செய்யும் என்றார். வாங்கித் தருகிறேன் என்றார் அவர். சுருளிப்பட்டி வீட்டு வாசலில் போய் நின்று, மதினி, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்க வேண்டும். மகிமாவிடம் சொல்ல வேண்டும். போடிக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட அந்த வாசல்தான் பெரிதாகத் தெரிந்தது.

நதியா மறுபடி அவர் ரத்தத்தை எடுத்தாள். கையில் கட்டிய ரப்பர் பட்டை கொஞ்சம் அதிகமாகவே இறுகியது.  குழாயை எட்டுத் தடவை கவிழ்த்து நிமிர்த்தி, அவர் கண்ணுக்கு முன்னால் நம்பரைச் சரி பார்த்து, ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நடையும் பாக்கணும்ணே. உள்ள எடமில்ல. அங்கன வெளிய, அந்தக் கோட்டு மேல."

வெளியே காத்திருந்தவர்களின் கால்களுக்கு முன்னால் தரைக்கல் கோடு வாசல்வரை நேராகப் போயிற்று. குதிகாலை விரலோடு ஒட்டி வைத்தார். ஒன்று. இரண்டு. தை மாதம் பத்து அடி போனவர். மூன்றாவதில் இடுப்பு ஆடியது. நாலாவது அடி கோட்டை விட்டு விலகி, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெஞ்சில் இருந்த ஒருவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் அவர். காலை உதறிக்கொண்டு பக்கத்து ஆளிடம் சொன்னார்: "மணி ஒம்பது ஆகல. அதுக்குள்ள போட்டுட்டு வந்திருக்கான் பாரு."

நதியா உள்ளேயிருந்து எழுந்து வரப் பார்த்தாள். முத்துராமலிங்கம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பெரியவருக்கு நேராகக் குனிந்தார். பேச்சு கொஞ்சம் இழுபட்டதோ என்னவோ, அவருக்கே தெரியவில்லை.

"குடிக்கலைங்க. எங்க அண்ணனும் குடிக்கல. வேணும்னா மோந்து பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டினார்.

பெரியவர் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.